சண்டை போடலன்னா செட் ஆயிடுச்சுன்னு அர்த்தமா?

பல வகை பெரிய மீனுங்கள ஒரே கண்ணாடித் தொட்டியில விட்டு ஒருத்தர் போட்ட அந்த 'மான்ஸ்டர் டேங்க்' வீடியோ பத்தி நேத்துல இருந்து ஆளாளுக்கு இன்பாக்ஸ்ல கேட்டுட்டு இருக்கீங்க. அதுக்கு கீழ நான் போட்ட கமென்ட்ட ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, சிவப்பு வட்டம் போட்டு, "மீன் போலீஸ் வந்துட்டாங்க"ன்னு குரூப் குரூப்பா சுத்த விட்டிருக்காங்கன்னும் சொன்னீங்க. பாத்தேன். ஒருத்தர் "அக்கா, முதல்ல மீன் குழம்பு ஒழுங்கா வைக்க கத்துக்கோங்க"ன்னு எழுதிருக்கார், அதுக்கு நூத்துக்கணக்குல ஹாஹா. சரி, அதுக்கு அப்புறம் வரேன். முதல்ல மீன பத்தி பேசுவோம், ஏன்னா நான் அங்க பேசுனது மீன பத்தி மட்டும்தான்.

வீடியோ போட்டவர் அதுல சொன்னது என்ன? "பாருங்க மக்களே, எல்லாம் சவுத் அமெரிக்கன் சிக்லிட், ஒரே ஊர்க்காரங்க, அதான் சண்டையே இல்ல, சூப்பரா செட் ஆயிடுச்சு." (சிக்லிட்ங்கிறது ஒரு மீன் குடும்பம்.) நான் கேட்டது ஒரே கேள்வி. சண்டை இல்லன்னா செட் ஆயிடுச்சுன்னு யார் சொன்னது?

திரும்ப போய் அந்த வீடியோவ பாருங்க, அதுல இருக்குற ஆஸ்கர்ங்கிற பெரிய சிக்லிட்ட மட்டும் பாருங்க. பின்னாடி மூலையில ஹீட்டர ஒட்டி தலைய கீழ சாச்சு நிக்குது. டைகர் வகை ஆஸ்கருக்கு அந்த ஆரஞ்சு நிறம் எப்படி எரியும்னு வளத்தவங்களுக்குத் தெரியும், இது மொத்தமா கருத்துப் போய் இருக்கு. ஃபின் (துடுப்பு) எல்லாம் உடம்போட ஒட்டிக் கெடக்கு. வால் நுனி கிழிஞ்சிருக்கு, ஒரு பக்கம் செதில் இல்ல, ஒரு கண்ணு பால் ஊத்துன மாதிரி வெள்ளையா இருக்கு. அவர் பெல்லட் தீனி போடுறார், மத்த மீனெல்லாம் மேல வருது, ஆஸ்கர் வரல. ஆஸ்கர் தீனிக்கு வரலங்க! டப்பா மூடிய திருகுற சத்தம் கேட்டாலே கண்ணாடிய முட்டுற மீன் அது. அது வராம நிக்குதுன்னா அந்த டேங்க்ல சண்டை இல்லாம இல்ல, சண்டை முடிஞ்சு போச்சு, அது தோத்துப் போச்சு. ஹவுஸ் ஓனருக்கு பயந்து கதவ சாத்திட்டு உள்ளயே கெடக்குற குடித்தனக்காரர பாத்து "எவ்ளோ ஒத்துமையா இருக்காங்க"ன்னு சொல்லுவீங்களா?

அடுத்து அந்த "ஒரே ஊர்க்காரங்க". ஆஸ்கர் அமேசான் மீன், சரி. கூட இருக்குற ஃப்ளவர்ஹார்ன் எந்த ஆத்துலயும் பொறக்கல, 90கள்ல மலேசியாவுல கிராஸ் பண்ணி உருவாக்குனது, அதுல ஓடுறது பெரும்பாலும் மத்திய அமெரிக்க சிக்லிட் ரத்தம். ஆஸ்கர விட பல மடங்கு முரடு. ஹெட், அதாவது நெத்தி மேடு, நல்லா வந்த ஃப்ளவர்ஹார்னுக்கு தன் நிழல் கூட பக்கத்துல இருக்கக் கூடாது, அதனாலதான் விவரம் தெரிஞ்சவங்க அத தனியா வைக்கிறாங்க. அதே டேங்க்ல இருக்குற ரெண்டு பேரட் மீனும் தைவான்ல உண்டாக்குன கிராஸ், அதுக்கு வாய முழுசா மூடக் கூட முடியாது, அடிச்சா திருப்பிக் கடிக்கவும் வழியில்ல. அந்த குட்டி ரெட் டெயில் கேட்ஃபிஷ் மட்டும் நெசமாவே அமேசான்காரன்தான், ஆனா அது வளந்தா ஒரு மீட்டர தாண்டும். வாய்க்குள்ள போறது எல்லாமே அதுக்கு சாப்பாடு. இன்னைக்கு அது அரையடி இருக்கிறதால பாக்க அழகா இருக்கு.

சவுத் அமெரிக்கான்னு ஒரு வார்த்தைய வச்சு ஜோடி சேக்குறதே தப்பு. க்ரீன் டெரர்ங்கிற சிக்லிட் ஆண்டீஸ் மலைக்கு அந்தப் பக்கம், ஈக்வடார், பெரு கடலோர ஆறுகள்ல இருக்குற மீன். ஆஸ்கர் மலைக்கு இந்தப் பக்கம். ரெண்டும் காட்டுல ஒண்ணையொண்ணு பாத்ததே இல்ல. ஜாக் டெம்ப்ஸி, கான்விக்ட்ங்கிற சிக்லிட் எல்லாம் சவுத் அமெரிக்காவே இல்ல. ஆனா கடையில எல்லாத்துக்கும் ஒரே போர்டு, நம்ம ஆளுங்களும் அதையே திருப்பிச் சொல்றாங்க.

எங்க சித்தப்பா பையன் வீட்டுல நடந்தத சொல்றேன். ஆஸ்கரும், கோரிங்கிற குட்டிக் கெளுத்தி வகை மீனும் ஒண்ணா வச்சிருந்தான். அடியில விழுற தீனிய கோரி சுத்தம் பண்ணிடும்னு கடையில சொல்லி குடுத்தாங்களாம். மாசக்கணக்குல ஒரு சண்டை கிடையாது, ஒரு தொரத்தல் கிடையாது. "நீ சும்மா பயமுறுத்துற, இங்க பாரு எவ்ளோ சமத்தா இருக்கு"ன்னு எனக்கு போட்டோ அனுப்புவான். ஆஸ்கர் முதல் வருஷத்துல மாசத்துக்கு கிட்டத்தட்ட ஒரு இஞ்ச் ஏறும்டா, கோரி ஏறாதுன்னு சொன்னேன், கேக்கல. ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு மேல போன், "அக்கா உடனே வா". போய் பாத்தா ஆஸ்கர் வாய தொறந்த மேனிக்கு மேல மெதக்குது. உள்ள கோரி. கெளுத்தி மீன் ஆய்ஞ்சவங்களுக்கு அந்த முள்ளு எப்படின்னு தெரியும். கோரியும் அந்த ஜாதிதான், பயந்தா ரெண்டு பக்க முள்ளையும் விரிச்சு பூட்டிக்கும். ஒரு முள்ளு ஆஸ்கரோட கன்னத்த குத்திட்டு வெளிய வந்து நிக்குது. விழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. ஈரத்துணியில சுத்திப் பிடிச்சு, நகவெட்டியால முள்ள நறுக்கி, உள்ள இருந்தத எடுத்தோம். கோரி அப்பவே செத்துடுச்சு. ஆஸ்கர் காலையில போச்சு. அதுவரைக்கும் அந்த டேங்க்ல சண்டையே நடந்ததில்ல, அதத்தான் சொல்ல வரேன். வாய் பெருசாகுற வரைக்கும் சண்டை இல்ல, அவ்ளோதான்.

அதனாலதான் சொல்லிட்டே இருக்கேன். கடையில ரெண்டு இஞ்ச் இருக்கிறப்ப எல்லாம் எல்லாத்தோடயும் செட் ஆகும். முழுசா வளந்தப்ப எவ்ளோ இருக்கும், எவ்ளோ வாய் தொறக்கும், முட்டை போடுற நேரத்துல எப்படி மாறும், இத பாத்து சேக்கணும்.

"எங்க வீட்ல ரெண்டு வருஷமா ஒண்ணாதான் இருக்கு, ஒண்ணும் ஆகல." நல்லது, சந்தோஷம். ஆஸ்கர் ஒழுங்கா பாத்தா பத்து, பதினஞ்சு வருஷம் வாழுற மீன். மிச்ச வருஷத்தையும் பாத்துட்டு வந்து சொல்லுங்க.

"காட்டுல எல்லாம் ஒண்ணாதானே இருக்கு?" இத நூறு பேர் கேட்டாச்சு. காட்டுல ஒண்ணாதான் இருக்கு, கடிச்சிட்டும் இருக்கு. ஆஸ்கரோட வால் ஓரத்துல ஏன் கண்ணு மாதிரி வட்டம் இருக்கு? பிரானா மாதிரி ஃபின்ன கடிக்கிற மீனுங்கள குழப்புறதுக்குன்னுதான் ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க. ஆனா அங்க தொரத்துனா ஓடுறதுக்கு ஆறு இருக்கு, மழைக்காலத்துல காடே முழுகி ஏரியா நிக்குது. அந்த வீடியோல இருக்கிறது நாலுக்கு ஒன்றரைக்கு ஒன்றரை அடி டேங்க். 255 லிட்டர் வரும், மணலும் கல்லும் மேல விட்ட இடமும் போக 220 தேறுனா பெருசு. அது ஒரே ஒரு ஆஸ்கருக்கே இறுக்கம். அடிவாங்குன மீன் எங்க ஓடும்? ஹீட்டர் பின்னாடிதான்.

அதுலயும் நம்ம ஊர் தண்ணிய யோசிங்க. சென்னை போர் தண்ணி பாதி ஏரியாவுல பிஹெச், அதாவது காரத்தன்மை, ஏறித்தான் இருக்கும், பிஹெச் ஏற ஏற மீன் கழிவுல வர்ற அம்மோனியாவோட விஷமும் ஏறும். ஆஸ்கர் ஒண்ணே ஒரு டேங்க நாறடிக்கிற மீன், அதுல அஞ்சாறு பெரிய மீன போட்டு தொட்டி மேல வைக்கிற ஒரு டாப் ஃபில்டர் மட்டும் வச்சா என்ன ஆகும்? பயத்துலயும் அழுக்குலயும் கெடந்து கெடந்து தலையில ஓட்டை ஓட்டையா விழும். அப்ப கடைக்கு போய் மருந்து கேப்பாங்க, "என்னமோ நோய் வந்துடுச்சு"ம்பாங்க.

"அப்போ எத சேக்கலாம்னு சொல்லுங்க, குறை மட்டும் சொல்லாதீங்க." சொல்றேன், எத்தனையோ தடவ சொல்லியாச்சு. ஆறுக்கு ரெண்டுக்கு ரெண்டு அடி இருக்கா, 680 லிட்டர் கிட்ட வரும், அதுல ஒரு ஆஸ்கர், செவரம்ங்கிற சிக்லிட் ஒண்ணு, அஞ்சாறு சில்வர் டாலர் மீன் தாராளமா வைக்கலாம். சில்வர் டாலர் தட்டையா அகலமா இருக்கும், ஆஸ்கரால விழுங்க முடியாது, வேகமா நழுவிடும், எலைதழை தின்னுற மீன், யார் வம்புக்கும் போகாது. கூட்டமா இருந்தாத்தான் தைரியமா இருக்கும், ஒண்ணு ரெண்டு வாங்காதீங்க. செவரம் பெரும்பாலும் சாது. சாக்லேட் சிக்லிட் கெடச்சா அதுவும் நல்ல குணம். எல்லாத்தையும் குட்டியிலயே சேத்து விடுங்க. அப்புறமா புதுசா ஒண்ண விடுறதா இருந்தா லைட்ட அணைச்சு, கல்லு கட்டையெல்லாம் இடம் மாத்தி வச்சு விடுங்க, பழைய மீனுக்கு "இது என் இடம்"ங்கிற கணக்கு அப்பத்தான் அழியும்.

எங்க வீட்லயும் இந்த கூட்டணிதான். அதுலயே செவரம் ஒரு தடவ ஆஸ்கர ஒரு பக்கமா நிறுத்தி வச்சிடுச்சு, உடனே நடுவுல டிவைடர் போட்டேன். சாதுன்னு பேர் வாங்குன மீனே அப்படின்னா ஃப்ளவர்ஹார்ன பத்தி நான் என்ன சொல்ல.

இப்ப அந்த பெரிய கேள்விக்கு வரேன். "அப்போ ஆறு அடி டேங்க் வாங்க காசு இல்லாதவன் மீன் வளக்கக் கூடாதா, நீங்க பணக்காரங்க, பேசுவீங்க." இது எனக்கு ரொம்ப வலிச்சது. நாங்க பணக்காரங்க இல்ல. வாடகை வீட்ல மாடியில ஆறடி டேங்க் வைக்க எங்கம்மா ஹவுஸ் ஓனர்கிட்ட எவ்ளோ பேச்சு வாங்குனாங்கன்னு எனக்குத்தான் தெரியும். ரெண்டடி டேங்க்ல கப்பி வைங்க, பிளாட்டி வைங்க, அதுல என்ன குறைச்சல்? சென்னையில கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைகளுக்குப் போனா கையில இருக்குற காசுக்கு ஏத்த மீன் அள்ளிட்டு வரலாம். மீன் வளக்கக் கூடாதுன்னு நான் எங்கயாவது சொன்னேனா? இந்த மீன இந்த டேங்க்ல இந்த மீன்கூட வைக்காதீங்கன்னுதானே சொன்னேன்? அதுக்கு ஏன் சாதி, மதம், வசதின்னு எல்லாத்தையும் இழுக்குறீங்க?

"மீன்தானே, விடுங்க"ன்னு சொன்னவங்களுக்கு பதில் இல்ல.

இன்னொன்னு. இப்படி சேத்து வளத்து, பெருசானதும் வச்சுக்க முடியாம, பாவம் பாத்து ஏரியில விடுறீங்களே, அதுக்கு யார் பதில் சொல்றது? சென்னையச் சுத்தி இருக்குற ஏரிகள்ல இன்னைக்கு சக்கர் மீன் (டேங்க் கண்ணாடியில ஒட்டிக்கிட்டு பாசி திங்குமே, அது) வலையில வருது. முள்ளும் ஓடுமா வலைய கிழிக்குது, யாரும் திங்கவும் மாட்டாங்க, அந்த மீன்பிடிக்கிறவர் அத கரையில எறிஞ்சிட்டு கிழிஞ்ச வலைய தச்சிட்டு உக்காந்திருக்கார். அது கடல் தாண்டி நீந்தி வரல, யாரோ வீட்டு டேங்க்ல "செட் ஆகல"ன்னு வந்ததுதான்.

கடைசியா அந்த மீன் குழம்பு. எனக்கு நல்லாவே வைக்கத் தெரியும், கெளுத்தி ஆய்வேன், வௌவாலும் வறுப்பேன். அது இங்க எதுக்கு? கடைக்கு போய் கேனிஸ்டர் ஃபில்டர் எத்தன லிட்டர் இழுக்கும்னு கேட்டா, "பாப்பாவுக்கா மேடம், இந்த பவுல்ல ஃபைட்டர் இருக்கு பாருங்க"ம்பாங்க. கூட வந்த தம்பியப் பாத்துத்தான் பதில் சொல்லுவாங்க, அவனுக்கு ஆஸ்கருக்கும் அயிரைக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த வீடியோ கீழயும் இதே விஷயத்த ரெண்டு பசங்க எழுதிருந்தாங்க, அவங்களுக்கு "சரி ப்ரோ, மாத்திடுறேன் ப்ரோ"ன்னு மரியாதையா பதில். எனக்கு குழம்பு. மாத்துறேன்னு சொன்னாரே, மாத்துனாரா? இன்னைக்கு காலையில போட்ட ஷார்ட்ஸ்ல அதே டேங்க், அதே மூலை.

கீழ வந்து சண்டை போட நெனைக்கிறவங்க தாராளமா போடுங்க. ஆனா முதல் வரியில உங்க டேங்க் நீளம் அகலம் உயரம், என்ன ஃபில்டர், உள்ள என்னென்ன மீன், இப்ப என்ன சைஸ், இத எழுதிட்டு ஆரம்பிங்க. அது இல்லாம வர்ற எந்த கமென்ட்டுக்கும் நான் பதில் சொல்றதா இல்ல.