ஐசியு ரெசிடென்சிக்காக ஊர் மாறலாமா?

மே மாதப் பட்டமளிப்பு முடிந்த கையோடு, அமெரிக்காவில் வாழும் நம் குடும்பங்கள் சிலவற்றிலிருந்து ஒரே கேள்வி எனக்கு வந்துகொண்டிருக்கிறது. மகள் பி.எஸ்.என். (செவிலியர் பட்டப்படிப்பு) முடித்துவிட்டாள், வேறு மாநிலத்து மருத்துவமனை ஒன்று புதுப் பட்டதாரிகளுக்கான ஐசியு (தீவிர சிகிச்சைப் பிரிவு) ரெசிடென்சியில், அதாவது பயிற்சியோடு கூடிய வேலையில், இடம் தருகிறது, உள்ளூர் மருத்துவமனையோ பொது வார்டில்தான் இடம் உண்டு என்கிறது. போகச் சொல்வதா, இருக்கச் சொல்வதா? ஹூஸ்டனில் ஐசியு செவிலியராக வேலை பார்ப்பவள், புதிதாகச் சேர்பவர்களுக்கு உடனிருந்து கற்றுத்தரும் பிரிசெப்டராக நிற்பவள் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். போகலாம். ஆனால் ஊருக்காகவோ, மருத்துவமனையின் பெயருக்காகவோ, சம்பளத்துக்காகவோ போக வேண்டாம். முதல் சில மாதங்கள் பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆள் இருக்கிறார் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் போகலாம்.

இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "ஓராண்டு ரெசிடென்சி" என்று விளம்பரத்தில் இருந்தால், ஓராண்டு முழுவதும் பிரிசெப்டர் உடனிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மருத்துவமனைகளுக்குச் சேவை வழங்கும் வைசியன்ட் நிறுவனமும் அமெரிக்கச் செவிலியர் கல்லூரிகளின் சங்கமும் சேர்ந்து உருவாக்கி, பல மருத்துவமனைகள் பின்பற்றும் திட்டம் பன்னிரண்டு மாதங்களுக்கானதுதான். ஆனால் மாதாந்திரக் கூட்டங்களும், கலந்துரையாடல்களும், ஆண்டு இறுதியில் ஒரு செயல்திட்டமும் அடங்கிய அது, மாணவி செவிலியராக மாறும் காலத்தைத் தாங்கிப் பிடிக்க வந்த ஏற்பாடு. வென்டிலேட்டரையும், தமனியில் செருகி இரத்த அழுத்தம் அளக்கும் ஆர்ட்டீரியல் லைனையும் கையாளக் கற்றுத்தருவது, பிரிவுக்குள் பிரிசெப்டருடன் நடக்கும் ஓரியண்டேஷன் என்ற தொடக்கப் பயிற்சி. அது எத்தனை வாரம், அந்த வாரங்களில் எத்தனை பிரிசெப்டர்கள் மாறுவார்கள், தேவைப்பட்டால் நீட்டிப்பார்களா என்பவற்றை நேர்காணலிலேயே கேட்டுவிட வேண்டும். பதில் மழுப்பலாக வந்தால், எவ்வளவு பெரிய மருத்துவமனையாக இருந்தாலும் எனக்கு ஐயம் வந்துவிடும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு சின்ன விஷயம் போதும். இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் நோர்எபிநெஃப்ரின் மருந்து ஓடிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு மருந்துப் பை தீரும் நேரம் வருகிறது. அந்த மருந்தின் பாதியளவு இரண்டு மூன்று நிமிடங்களில் உடலிலிருந்து போய்விடும். பம்ப் அலறிய பிறகு புதுப் பையைத் தேடப் போனால், திரும்பி வருவதற்குள் திரையில் இரத்த அழுத்தம் சரிந்திருக்கும். அடுத்த பையை முன்கூட்டியே வரவழைத்து, குழாயில் காற்றில்லாமல் நிரப்பி, இரண்டாவது பம்பில் தயாராக மாட்டி வைக்க வேண்டும் என்பது பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அது கைப்பழக்கமாவது, பக்கத்தில் நிற்பவர் "பையில் இன்னும் எவ்வளவு இருக்கிறது?" என்று ஒவ்வொரு ஷிப்டிலும் நச்சரிப்பதால்தான்.

"முதலில் ஓராண்டு மெட்-சர்ஜ் (பொது) வார்டு, பிறகு ஐசியு" என்று மூத்தவர்கள் சொல்வதை முழுக்கத் தள்ளிவிடவும் மாட்டேன். ஐந்தாறு நோயாளிகளை ஒரே நேரத்தில் சமாளிக்கும் திறமையை வார்டு தருவது போல வேறெதுவும் தராது. ஆயினும் அது ஐசியுவுக்குக் கட்டாயமான படிக்கட்டு அல்ல. மயக்க மருந்து தரும் சிறப்புச் செவிலியர் (சிஆர்என்ஏ) ஆக விரும்பும் பெண்ணுக்கோ கணக்கே வேறு. அந்தப் படிப்புகளுக்குக் குறைந்தது ஓராண்டு தீவிர சிகிச்சை அனுபவம் வேண்டும். பொது வார்டில் கழித்த காலம் அதில் சேராது.

எந்த மாநிலம் என்பதையும் பாருங்கள். கலிபோர்னியாவில் ஐசியு செவிலியர் ஒருவருக்கு இரண்டு நோயாளிகளுக்கு மேல் தரக்கூடாது என்பது விதி. டெக்சாஸில் அப்படிப்பட்ட எண்ணிக்கை வரம்பு எதுவும் சட்டத்தில் இல்லை. ஆகவே ஒரு செவிலியருக்கு மூன்று நோயாளிகளை எவ்வளவு அடிக்கடி ஒதுக்குவார்கள் என்பது இங்கே கேட்டே ஆக வேண்டிய கேள்வி. உரிமமும் அப்படித்தான். ஒரு மாநில உரிமத்தோடு மற்றவற்றிலும் வேலை பார்க்க இடம் தரும் உரிம ஒப்பந்தத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்திருந்தாலும் கலிபோர்னியாவும் நியூயார்க்கும் அதில் இல்லை. சேர்ந்த மாநிலம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயர்ந்தால், அறுபது நாட்களுக்குள் புதிய மாநிலத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

பணத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டே. இடமாற்றப் படியாகத் தருவதாகச் சொல்லும் தொகை 2018 முதல் சம்பளத்தைப் போலவே வரிக்கு உட்பட்டது. முழுத் தொகையும் கைக்கு வரும் என்று நம்பி வாடகை பேசாதீர்கள். அதைவிட முக்கியம், இரண்டாண்டுக்குள் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை. மாதங்கள் கழியக் கழியத் தொகை குறைகிறதா, இருபத்து மூன்றாம் மாதத்திலும் முழுத் தொகையா, அதே மருத்துவமனையின் வேறு பிரிவுக்கு மாறினாலும் அது மீறலா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கலிபோர்னியா 2026 ஜனவரி முதல் செய்யப்படும் ஒப்பந்தங்களில் இவ்வகை நிபந்தனைகளைப் பெரும்பாலும் தடைசெய்துவிட்டது. மற்றப் பல மாநிலங்களில் அந்தக் காப்பு கிடையாது.

"தனியாக எப்படி இருப்பாள்?" என்று அம்மாக்கள் கேட்பதைப் பழைய காலத்துப் பயம் என்று நான் ஒதுக்கமாட்டேன். ஓரியண்டேஷன் முடிந்ததும் புதியவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது நைட் ஷிப்ட்தான். தன் பொறுப்பில் இருந்த நோயாளி முதன்முதலாக இறந்த இரவுக்குப் பின், காலை எட்டு மணிக்கு வெறும் அறைக்குத் திரும்பித் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுப்பது எளிதல்ல. அத்தையோ, சித்தியோ, கல்லூரித் தோழியோ ஒரு மணி நேரத் தொலைவில் இருந்தால் அதுவே பெரிய பலம். வீட்டில் உடல்நலம் குன்றியவரைப் பார்க்கும் பொறுப்புள்ள பெண்ணுக்கு நான் போகச் சொல்வதில்லை. உள்ளூரில் அடுத்த குழு சேரும்வரை காத்திருப்பதால் எதுவும் கெட்டுவிடாது.

கையெழுத்திடுமுன் அந்தப் பிரிவில் சில மணி நேரம் உடனிருந்து பார்க்க அனுமதி கேளுங்கள், முடிந்தால் இரவில். ஷிப்டை மேற்பார்வை செய்யும் சார்ஜ் நர்ஸுக்கே இரண்டு நோயாளிகளை ஒதுக்கியிருக்கிறார்களா என்று கவனியுங்கள். ஒதுக்கியிருந்தால், நீங்கள் தடுமாறும்போது ஓடி வர அங்கே கையில் வேலையில்லாத ஆள் யாரும் இருக்கமாட்டார். அனுமதி மறுத்தால் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, முடிவு சொல்ல ஒரு வார அவகாசம் வாங்குங்கள்.