பங்கேற்பாளர் பட்டியலில் நம் பாட்டி ஏன் இல்லை?

சிங்கப்பூரில் தாதிமையில் முனைவர் பட்ட ஆய்வு என்று பேச்செடுத்தால் உதவித்தொகை எவ்வளவு, எத்தனை ஆண்டு, முடித்தால் என்ன பதவி என்றுதான் பேசுகிறோம். எனக்குக் கவலை தருவது ஆய்வுத் திட்டத்தின் நடுவில் வரும் ஒரே ஒரு வரி. யாரைச் சேர்க்கலாம் என்ற பட்டியலில் அது இருக்கும்: வயது 21க்கு மேல், இன்ன நோய் உள்ளவர், "ஆங்கிலமோ மாண்டரினோ பேசிப் புரிந்துகொள்ளத் தெரிந்தவர்". எழுதுபவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. நேரமும் பணமும் பற்றவில்லை, அவ்வளவுதான். ஆனால் தமிழ் மட்டுமே பேசும் 78 வயதுப் பாட்டியும் மலாய் மட்டுமே பேசும் தாத்தாவும் அந்த வரியிலேயே வெளியே போய்விடுகிறார்கள்.

கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். ஒரு குழுவுக்குப் புதிய பராமரிப்பு முறை, இன்னொரு குழுவுக்கு வழக்கமான பராமரிப்பு என்று ஒப்பிடும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். நடுத்தர அளவு வித்தியாசம், அதாவது திட்ட விலக்கத்தில் 0.5 பங்கு, எதிர்பார்த்து, 80 விழுக்காட்டுத் திறனும் (இருக்கும் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) 5 விழுக்காட்டுப் பிழை வரம்பும் (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) வைத்தால் குழுவுக்கு 64 பேர், மொத்தம் 128 பேர் வேண்டும். 20 விழுக்காட்டினர் பாதியில் விலகுவார்கள் என்றால் 128ஐ 0.8ஆல் வகுக்க வேண்டும், 160 வரும். (128உடன் 20 விழுக்காட்டைக் கூட்டி 154 என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. 154 பேரில் 20 விழுக்காடு போனால் கையில் 123 பேர்தான் மிஞ்சுவார்கள்.) எதிர்பார்க்கும் வித்தியாசத்தை 0.3 என்று குறைத்தால் விலகுவோரைச் சேர்க்காமலே சுமார் 350 பேர் தேவை.

வாரத்துக்கு இரண்டு பேர் சம்மதித்தால் 160 பேரைச் சேர்க்க 80 வாரம். கடைசியாகச் சேர்ந்தவரை ஆறு மாதம் பின்தொடர இன்னும் 26 வாரம். ஆக இரண்டு ஆண்டுக்கு மேல் போய்விட்டது. அதற்கு முன்பே பாட வகுப்புகள், முந்தைய ஆய்வுகளை முறையாகத் தொகுக்கும் கட்டுரை, தகுதித் தேர்வு, நெறிமுறைக் குழுவின் அனுமதி எல்லாம் முடிந்திருக்க வேண்டும். பிறகு பகுப்பாய்வு, ஆய்வேடு. நான்கு ஆண்டு உதவித்தொகைக்குள், நோயாளிகளிடம் கேட்கும் வினாப் படிவத்தைத் தமிழில் தயாரிக்க இடம் எங்கே? குடியிருப்பாளர்களில் இந்தியர் சுமார் 9 விழுக்காடு. 160 பேரில் 14 பேர் வருவார்கள். அதிலும் தமிழில் மட்டுமே பேசக்கூடியவர் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடுவார்கள். "இந்த முறை விட்டுவிடுங்கள்" என்று மேற்பார்வையாளர் சொல்வதில், அந்த ஒரு ஆய்வை மட்டும் பார்த்தால், தவறில்லை. எல்லா ஆய்விலும் அதையே சொன்னால்தான் ஆபத்து. நாளைக்கு எழுதப்படும் பராமரிப்பு வழிகாட்டியில் அந்தப் பாட்டியைப் பற்றி ஒரு தரவும் இருக்காது.

படிவத்தைத் தமிழில் கொண்டுவருவது லேசான வேலை என்று நினைக்க வேண்டாம். இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்க வேண்டும். மூல வினாவைப் பார்க்காத வேறு இருவர் அதை மறுபடி ஆங்கிலமாக்க வேண்டும். தாதியர், மருத்துவர், மொழி தெரிந்தவர் கொண்ட குழு ஒவ்வொரு வினாவும் பொருந்துகிறதா என்று மதிப்பெண் போடும்; பொருத்தக் குறியீடு, அதாவது பொருந்துகிறது என்று சொன்னவர்களின் பங்கு, 0.78க்குக் கீழே போகும் வினாவைத் திருத்தியாக வேண்டும். கடைசியில் நோயாளிகள் சிலரிடம் வாசித்துக் காட்டி, "இதுக்கு என்ன அர்த்தம்னு நினைக்கிறீங்க?" என்று கேட்க வேண்டும்.

அந்தக் கடைசிப் படியில்தான் முக்கால்வாசிப் படிவங்கள் தடுக்கி விழும் என்பது என் எண்ணம். "கடந்த இரு வாரங்களில் தங்களுக்கு எதிலும் நாட்டமின்மை ஏற்பட்டதுண்டா?" என்று எழுதியிருக்கும். இலக்கணம் சுத்தம். மொழிபெயர்ப்புக் குழுவில் முழு மதிப்பெண் வாங்கும். பாட்டிக்குக் காதில் வானொலிச் செய்தி மாதிரி விழும். அவர் விழிப்பதைப் பார்த்து, கேள்வி கேட்பவர் "எதுலயும் மனசு ஒட்டாம இருந்துச்சாம்மா?" என்று மாற்றிக் கேட்பார். இன்னொருவர் "சோர்வா இருந்துச்சா?" என்பார். முதலாமவர் கேட்டது மனதை, அடுத்தவர் கேட்டது உடம்பை. ஒரே வினாவுக்கு இரண்டு வினா ஆகிவிட்டது. அந்த மதிப்பெண்களைக் கூட்டிப் பயன் இல்லை. ஆகவே பேச்சுத் தமிழிலேயே ஒரு கேட்கும் வடிவத்தை எழுதி, அதையும் நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பி, கேட்கப் போகும் அனைவருக்கும் பயிற்சி கொடுக்க வேண்டும். எழுத்துக்கும் பேச்சுக்கும் இவ்வளவு தூரம் இருக்கும் மொழியில் இது கட்டாயம்.

சென்னையில் செய்த தமிழாக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாமே என்பார்கள். அங்கே செவிலியர், இங்கே தாதி. வயதானவர்கள் வாயில் மிஸ்ஸி. நீரிழிவு என்றால் தலையாட்டாத பெரியவர் இனிப்புநீர் என்றால் உடனே பேசத் தொடங்குவார். இறக்குமதி செய்த படிவத்தையும் இங்குள்ள மூத்தோரிடம் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

வலியை எடுத்துக்கொள்ளுங்கள். பூஜ்யம் முதல் பத்து வரை எண் சொல்லச் சொன்னால் "ரொம்ப வலிக்குது மிஸ்ஸி" என்றுதான் பதில் வரும். ஆனால் எந்த மாதிரி வலி என்று கேட்டுப் பாருங்கள்: குத்துது, குடையுது, கடுக்குது, உளையுது, விண்விண்ணுன்னு தெறிக்குது, எரியுது, மதமதன்னு இருக்கு. இனிப்புநீர் உள்ளவர் பாதம் எரியுது, மதமதக்குது என்றால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். அந்த வலிக்குச் சாதாரண வலிமாத்திரை பெரும்பாலும் கேட்காது. பாதத்தில் புண் வந்தாலும் அவருக்குத் தெரியாமல் போகலாம். இச்சொற்களில் எது எந்த வகை வலியோடு சேர்ந்து வருகிறது என்று சிங்கப்பூர்த் தமிழரிடம் ஆராய்ந்தால் அதுவே ஒரு முனைவர் பட்டத்துக்குப் போதும். பலதுறை மருந்தகத்தில் பாதம் பரிசோதிக்கும் தாதிக்கு மறுநாளே உதவும்.

தோலின் நிறம் இன்னொன்று. படுக்கைப் புண்ணின் முதல் நிலையை எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? வால் எலும்பின் மேலும் குதிகாலிலும் சிவந்த இடத்தை விரலால் அழுத்துவோம். வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது. கருமையான தோலில் அந்தச் சிவப்பும் எளிதில் தெரியாது, வெளுப்பும் தெரியாது. பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டுச் சூடாக இருக்கிறதா, குளிர்ந்திருக்கிறதா, இறுகியிருக்கிறதா, கொழகொழவென்று இருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா என்று கையால் பார்க்க வேண்டும். பார்க்கத் தவறினால் தோல் கிழிந்த பிறகுதான் தெரியவரும். படுக்கைப் புண் வரும் ஆபத்தை அளக்க 1987இல் வெளிவந்த பிரேடன் அளவுகோலில் ஆறு கூறுகள். மொத்த மதிப்பெண் 6 முதல் 23 வரை, 18க்கு மேல் போகாவிட்டால் ஆபத்து. தாதியர் உருவாக்கி உலகமே பயன்படுத்தும் கருவி அது. தோல் நிறம் அந்த ஆறில் இல்லை. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியும் அப்படித்தான்: 92 முதல் 96 விழுக்காடு வரை காட்டியபோது, ரத்தத்தில் உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்தது வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று 2020இல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. சீனர், மலாய்க்காரர், தமிழர் மூவரும் ஒரே வார்டில் படுத்திருக்கும் ஊரில் தோல் நிறம் பற்றிய ஆய்வைச் செய்யாமல் வேறு எங்கே செய்வது?

தாதிமை ஆய்வால் என்ன ஆகும் என்று இன்னும் கேட்பவர்கள் உண்டு. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சை நோயாளிகளை வைத்து 2014இல் வெளிவந்த ஆய்வில், ஒரு தாதி பார்க்க வேண்டிய நோயாளிகளில் ஒருவர் கூடும்போது இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடியிருந்தது. பட்டம் பெற்ற தாதியரின் பங்கு 10 விழுக்காடு கூடும்போது அந்த வாய்ப்பு 7 விழுக்காடு குறைந்திருந்தது. அந்தக் கேள்வியைக் கேட்டு ஆராய்ந்தவர்களில் முன்னணியில் இருந்தவர்கள் தாதியர்தான்.

இங்கே அடித்தளம் இன்னும் இளசு. உயர்நிலைத் தாதியருக்கான முதுநிலைப் படிப்பு 2003இல் தொடங்கியது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தாதிமை இளநிலைப் பட்டத்துக்கு முதல் மாணவர்கள் 2006இல்தான் சேர்ந்தார்கள். இப்போது முனைவர் பட்டமும் இங்கேயே படிக்கலாம். முடித்தபின் என்ன என்பதில்தான் ஓட்டை. பெரும்பாலும் ஒன்று விரிவுரையாளர் ஆகிறார்கள், இல்லை நிர்வாகத்துக்குப் போகிறார்கள். வார்டுக்கு ஆள் திரும்புவது அரிது. வாரத்தில் மூன்று நாள் நோயாளிகளோடு, இரண்டு நாள் ஆய்வில் என்ற இணைப் பதவிகள்தான் வழி.

அதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆய்வு நாள் கொடுத்துவிட்டு, அட்டவணையில் அந்த நாளுக்கு மாற்று ஆள் போடாவிட்டால், முதல் மருத்துவ விடுப்பு வந்ததும் "இன்னிக்கு மட்டும் வாங்க" என்று அழைப்பு வரும். மூன்று மாதத்தில் ஆய்வு நாளே இல்லாமல் போகும். வார்டின் ஆள் கணக்கிலிருந்து அந்த இரண்டு நாளை முதலிலேயே கழித்துவிட வேண்டும். வருடாந்தர மதிப்பீடும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு மேலதிகாரிகள் இரண்டு அளவுகோலால் அளந்தால் யாரும் தாக்குப்பிடிக்க முடியாது.

இந்த ஆண்டு ஆய்வுத் திட்டம் எழுத உட்காரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அந்த மொழி வரியை எழுதும் முன் செலவுப் பட்டியலில் தமிழ், மலாய்ப் படிவங்களுக்கு என்று தனியாக ஒரு தொகையும், கால அட்டவணையில் குறைந்தது நான்கு மாதமும் ஒதுக்குங்கள். ஆட்களைச் சேர்க்கத் தொடங்கிய பிறகு மொழியைச் சேர்த்தால் நெறிமுறைக் குழுவுக்குத் திருத்த விண்ணப்பம் போட வேண்டும், ஒப்புதல் படிவத்தின் பதிப்பு எண்ணையும் தேதியையும் மாற்ற வேண்டும், அனுமதி வரும்வரை தமிழ் பேசும் நோயாளி யாரையும் சேர்க்க முடியாது. ஆய்வுக்குத் தமிழ் கேட்கும் வடிவம் ஒன்றைச் செய்து முடித்தவர்கள், மூலப் படிவத்தின் உரிமையாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, அதை அடுத்தவருக்குக் கொடுங்கள்.