பிடிச்சுத்தானே பண்றீங்க, அப்புறம் எதுக்குக் காசு?

நேற்று மத்தியானம் ஒருவர் போன் செய்தார். பொங்கலுக்குக் குடும்பத்தோடு திருநெல்வேலி போகிறார்களாம், ஐந்து நாள், வீட்டில் மூன்று வயது லாப்ரடார், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டார். 700 ரூபாய் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "உங்களுக்கு நாய்னா உயிருன்னு சொன்னாங்களே மேடம். பிடிச்சுத்தானே பண்றீங்க, அப்புறம் எதுக்குக் காசு?" என்றார். நக்கலாகக் கேட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். அவர் நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். எனக்குத்தான் சட்டென்று பதில் வரவில்லை. அடுப்பில் குக்கர் நாலாவது விசில் அடித்துவிட்டது, அதைச் சாக்காக வைத்துப் பேச்சை மாற்றிவிட்டேன். ராத்திரி முழுக்க அந்தக் கேள்விதான் மண்டைக்குள் ஓடியது. அதனால் இங்கே கொட்டிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

மடிப்பாக்கத்தில் இருக்கிறேன், எட்டு வருஷமாக வீட்டிலேயே நாய் போர்டிங், டே கேர் இரண்டும் செய்கிறேன். அதற்கு முன்னால் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். முதலில் அபார்ட்மென்டில்தான் ஆரம்பித்தேன். அங்கே நம் சொந்த நாயை வைத்துக்கொள்ளலாம், அசோசியேஷன் தடை போட முடியாது, விலங்குகள் நல வாரியமே அதைச் சொல்லியிருக்கிறது. ஆனால் வாரத்துக்கு நாலு புது நாய் லிஃப்டில் வந்து இறங்கினால் மேல்வீட்டுக்காரர் சண்டைக்கு வரத்தான் செய்வார், அது அவர் நியாயம். தனி வீடு தேடி ஏழு மாதம் அலைந்தேன். நாய் என்றதும் பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள். மீதிப் பேர் "ஒண்ணுதானேம்மா?" என்பார்கள். அங்கேதான் நான் போனை வைக்க வேண்டியிருக்கும்.

பக்கத்து வீட்டு மாமா இப்போது நல்ல சிநேகம், ஆனால் 2024 மே மாதம் நுங்கம்பாக்கம் பக்கம் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுப் பெண் குழந்தையைக் கடித்துக் குதறியபோது, மறுநாள் காலையிலேயே மாமா கேட்டில் வந்து நின்று, "உன் வீட்ல அந்த ஜாதி நாய் இருக்காம்மா?" என்று கேட்டார். கேட்டது தப்பே இல்லை. உள்ளே கூட்டிப்போய் எத்தனை கதவு, எந்தக் கதவுக்கு எந்தத் தாழ்ப்பாள் என்று எல்லாவற்றையும் காட்டினேன். என் வீட்டில் தெருவுக்கும் நாய்க்கும் நடுவே எப்போதும் இரண்டு கதவு. ஒன்று சாத்தாமல் இன்னொன்று திறக்கக் கூடாது. என் வீட்டுக்காரருக்கே இது பழக ஒரு வருஷம் ஆனது.

இந்த இரண்டு கதவும் சும்மா வரவில்லை. ஆரம்பத்தில் ஒரு தீபாவளிக்கு ஒரு சிப்பிப்பாறை நாய் வந்திருந்தது. மதில் ஐந்தடி, போதும் என்று நினைத்தேன். எதிர்த் தெருவில் ஒரு அணுகுண்டு வெடித்தது, ஒரே தாவுதான், அந்தப் பக்கம் போய்விட்டது. வேட்டைக்கென்றே வளர்ந்த ஜாதி, அதன் காலுக்கு ஐந்தடி மதில் ஒரு பொருட்டா? ராத்திரி ஒன்றரை மணிக்கு ஏரிக்கரைப் பக்கம் கண்டுபிடித்தோம். நடுங்கிக்கொண்டு ஒரு காருக்கு அடியில் கிடந்தது. அதன் வீட்டுக்காரரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் திட்டினார், வாங்கிக்கொண்டேன். தப்பு முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து தீபாவளி மூன்று நாளும் எல்லா நாயும் நடு அறைக்குள்தான், ஜன்னலுக்குக் கம்பளி, டிவியில் சத்தமாக ஏதாவது ஓடும்.

சரி, காசுக்கு வருகிறேன். ஒரே சமயத்தில் ஐந்து நாய்க்கு மேல் எடுப்பதில்லை. கோழி, அரிசி, தயிர், காலையில் வந்து கழுவித் துடைக்கும் அக்காவுக்குச் சம்பளம், கரண்ட் பில். மே மாதம் பக் ஜாதி நாய் ஒன்று வந்துவிட்டால் ஏசியை நிறுத்தவே முடியாது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைக் குறைக்கும். பக்குக்கு மூக்கு சப்பை, அந்த மூச்சைக்கூடச் சரியாக வாங்க முடியாது. 2003-ல் செல்போன் விளம்பரத்தில் ஒரு பக் வந்தாலும் வந்தது, சென்னை வெயிலில் அவஸ்தைப்பட ஒரு பரம்பரையே வந்து இறங்கிவிட்டது. இதெல்லாம் போக மாதக் கடைசியில் கையில் நிற்பது பழைய சம்பளத்தில் பாதிகூட இல்லை. இதைச் சொல்லி அனுதாபம் தேடவில்லை. பிரியத்துக்கு நான் காசு வாங்கவில்லை, அது இலவசம்தான். ராத்திரி மூன்று மணிக்கு எழுந்திருப்பதற்கு வாங்குகிறேன்.

மூன்று மணி என்று சொன்னது சும்மா பேச்சுக்கு இல்லை. புதிதாக வந்த நாய் முதல் ராத்திரி தூங்காது. போன மாதம் ஒரு கோல்டன் ரெட்ரீவர் வந்தது, ஆறு வயது, வீட்டை விட்டு ஒரு நாள்கூடப் பிரிந்ததில்லையாம். சாப்பாட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கேட்டுப் பக்கம் மூக்கை வைத்துப் படுத்துவிட்டது. அழவும் இல்லை, குரைக்கவும் இல்லை, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். அந்த வீட்டு அம்மா அதற்குப் புத்தம்புது மெத்தை ஒன்று வாங்கி அனுப்பியிருந்தார், விலைச்சீட்டுகூடப் பிரிக்கவில்லை. அது அந்தப் பக்கமே போகவில்லை. மூன்று மணிக்கு எழுந்து போய் நானும் தரையில் உட்கார்ந்தேன். தொடவில்லை, பேசவில்லை. இந்த இடத்தில்தான் பல நாய்ப் பிரியர்கள் தப்புப் பண்ணுவார்கள், உடனே கட்டிப்பிடித்து "செல்லம், பட்டு" என்று ஆரம்பித்துவிடுவார்கள். பயந்திருக்கிற நாயைக் குனிந்து கட்டிப்பிடித்தால் கடிக்கும், கடித்தால் அது நாயின் தப்பு இல்லை. என் வலது கட்டைவிரலுக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கிறது, அதற்காக ஐந்து ஊசி போட்டுக்கொண்டுதான் இதைக் கற்றுக்கொண்டேன். அப்புறம் அதன் கழுத்துப் பட்டையில் ஒரு பழைய கர்ச்சீப் கட்டியிருந்ததைப் பார்த்தேன், அந்த வீட்டுப் பையனுடையது. அவிழ்த்து அதன் மூக்குக்குப் பக்கத்தில் வைத்தேன். கொஞ்ச நேரம் முகர்ந்தது, முன்னங்கால் இரண்டுக்கும் நடுவே இழுத்து வைத்துக்கொண்டது. ஐந்து மணிக்குக் குறட்டைச் சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து வருகிறவர்களிடம் எல்லாம் புது மெத்தை வேண்டாம், வீட்டில் நீங்கள் உடுத்திய பழைய துணி, போர்வை ஏதாவது கொண்டு வாருங்கள், துவைக்காமல் கொண்டு வாருங்கள் என்று சொல்கிறேன். அழுக்குத் துணியைக் கொடுக்க வெட்கப்படுகிறார்கள். அந்த வாசனைதானே அதற்கு வீடு!

டே கேருக்கு வருகிற கதை வேறு. லாக்டவுனில் வாங்கிய குட்டிகள்தான் இங்கே பெரும்பாலும். வீட்டிலிருந்தே வேலை என்று ஓஎம்ஆர் ஐடி கம்பெனிப் பிள்ளைகள் ஆளுக்கொன்று வாங்கினார்கள், அந்தக் குட்டி கண் திறந்த நாளிலிருந்து வீட்டில் யாராவது இருந்தார்கள், திடீரென்று ஆபீசுக்கு வா என்று கூப்பிட்டதும் அதை ஒன்பது மணி நேரம் பூட்டி வைத்தால் அது சோபாவைத்தான் கிழிக்கும். காலை எட்டு மணிக்கு விடுவார்கள், சாயங்காலம் ஏழுக்குக் கூட்டிப் போவார்கள். அதில் ஒன்றுக்குத் தன் வீட்டு ஸ்கூட்டர் சத்தம் தெரியும். தெருமுனையில் நூறு ஸ்கூட்டர் போகும், அசையாது. அந்த ஸ்கூட்டர் வரும்போது மட்டும் எழுந்து நிற்கும், எனக்கு இன்னும் எதுவுமே கேட்டிருக்காது.

இப்போது அந்தப் போன்காரருக்கு வருகிறேன். காசு பேச்சு முடிந்ததும் தடுப்பூசி அட்டையை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்றேன். "குட்டியில போட்டது மேடம். வீட்டு நாய்தான், வெளியவே போகாது, வருஷா வருஷம் எதுக்கு?" என்றார். மாநகராட்சி உரிமம், மைக்ரோசிப் இல்லாவிட்டால் 5000 ரூபாய் அபராதம் என்று சொன்னபிறகும் அட்டையே இல்லாத வீடுகள் இருக்கத்தான் செய்கின்றன. நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். "நாய் மேல பிரியம்னு சொல்றீங்க, ஒரு அட்டைக்காக வேண்டாங்கிறீங்களே" என்றார்.

அட்டைக்காகத்தான். முதல் வருஷம் ஒருவர் இரண்டரை மாதக் குட்டி ஒன்றைக் கொண்டுவந்தார், பீகிள். ஒரு ஊசி போட்டாயிற்று, அடுத்தது ஊரிலிருந்து வந்து போடுகிறோம் என்றார். காதைப் பார்த்ததும் மயங்கிவிட்டேன், எடுத்துக்கொண்டேன். பிரியத்தில் செய்த முட்டாள்தனம். மறுநாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை அறைக்கதவைத் திறந்தேன், அந்த நாற்றம். பார்வோ, குட்டிகளைக் கொல்லும் ஒரு வைரஸ் நோய், அது வந்த வயிற்றுப்போக்கை ஒரு தடவை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள், ரத்தமும் இன்னும் என்னவோவும் கலந்த ஒரு வீச்சம். டவலில் சுற்றிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். நாலு நாள் டிரிப்ஸ். முன்னங்காலில் ஊசி குத்தி ஒட்டியிருந்த பிளாஸ்திரி அந்தக் காலை விடப் பெரிதாக இருந்தது. ஐந்தாம் நாள் போய்விட்டது. குட்டியைக் கொண்டுவந்தவர் உங்கள் வீட்டில்தான் தொற்றியது என்றார். நோய் உள்ளே போய் வெளியே தெரியவே குறைந்தது மூன்று நாளாவது ஆகும், பெரும்பாலும் ஒரு வாரம், அதனால் வரும்போதே கொண்டுவந்திருக்கத்தான் அதிக வாய்ப்பு என்று டாக்டரே சொன்னார். குட்டிக்காரர் அதைக் கேட்கிற மனநிலையில் இல்லை, நானும் சண்டை போடவில்லை. எங்கே தொற்றியிருந்தாலும், இரண்டாவது ஊசி போடாத குட்டியைக் கையில் வாங்கியது நான்தான்.

அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் இருக்கும். பினாயிலுக்குச் சாகாது, பிளீச்சிங் போட்டு ஊறவைத்துக் கழுவ வேண்டும். இரண்டு மாதம் கடையை மூடிவிட்டு வீட்டையே கழுவினேன், கை தோல் உரிந்துபோனது. அப்போது இங்கே இருந்த மற்ற மூன்று நாய்க்கும் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் மூன்றுக்கும் அட்டையில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. வெறிநோய் ஊசியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அறிகுறி வந்துவிட்டால் அது நாயோ மனிதனோ, பிழைப்பது அநேகமாக இல்லை. கழுவித் துடைக்கிற அக்காவுக்கு இரண்டு பெண் குழந்தைகள் இருக்கிறார்கள்.

வாசலில் வைத்தே காதுக்குள், கால்விரல் இடுக்கில் உண்ணி பார்ப்பேன், ஈறு வெளிறியிருக்கிறதா என்று உதட்டைத் தூக்கிப் பார்ப்பேன். ஹீட்டில், அதாவது இணை சேரும் பருவத்தில், இருக்கிற பெண் நாயை எடுப்பதில்லை. ஒரு நாள் சோதனைக்கு விட்டுப் பார்க்காமல் எடுப்பதில்லை. இதையெல்லாம் கேட்டுச் சலித்துக்கொண்டு, கேள்வியே கேட்காமல் வாங்கிக்கொள்கிற இடத்துக்குப் போகிறவர்கள் உண்டு. நான் சொல்வதெல்லாம், உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காதவர் அடுத்து வருகிறவரிடமும் கேட்கப் போவதில்லை, அந்த நாயோடுதான் உங்கள் நாய் படுத்திருக்கும். வீட்டுப் போர்டிங் என்று பெயர் வைத்துக்கொண்டு மொட்டைமாடியில் கூண்டு அடுக்கியிருப்பவர்களும் இருக்கிறார்கள். ஹாலைக் காட்டினால் போதாது, ராத்திரி என் நாய் எங்கே தூங்கும் என்று கேளுங்கள், அந்த இடத்தைப் போய்ப் பாருங்கள்.

விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு இன்னொன்று. பொங்கலன்று பாசமாகச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பாதீர்கள். நெய்யைக்கூடச் சமாளிக்கலாம், அதில் கிடக்கிற உலர் திராட்சை நாய்க்குக் கிட்னியைக் கெடுத்துவிடும். காய்ச்சல் மாதிரி இருந்தது என்று பாராசிட்டமால் போட்டுவிட்டேன் என்று வாசலில் வைத்துச் சொல்லாதீர்கள், அது நாய்க்கு ஆகாது, எனக்குக் கை கால் ஓடாது. அப்புறம் வீடியோ காலில் தயவுசெய்து பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். நீங்கள் போனை வைத்துவிட்டுப் போய்விடுவீர்கள், அது ஒரு மணி நேரம் வீடெல்லாம் தேடும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது நாலு நாயோடு மாடி அறையில் இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் இருந்தோம். சாப்பாட்டுக்குக்கூடப் பிரச்சினை இல்லை. நாலில் ஒன்று, நாட்டு நாய், மண் தரையைத் தவிர வேறெங்கும் ஒன்றுக்குப் போகாது. ராத்திரி முழுக்க அடக்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. கடைசியில் மாடியில் இருந்த செம்பருத்தித் தொட்டி இரண்டைக் கவிழ்த்து மண்ணைப் பரப்பினேன். உடனே போனது. இதற்கு எந்த ரேட் போடுவது என்று அந்தப் போன்காரரிடம் கேட்டிருக்கலாம், அப்போது தோன்றவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவரிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. புது அட்டை, நேற்றுச் சாயங்காலத் தேதி, போனை வைத்ததும் நேராக டாக்டரிடம் போயிருக்கிறார். சந்தோஷமாக இருந்தது. ஆனால் பொங்கலுக்குப் பத்து நாள்தான் இருக்கிறது, போட்ட அன்றே ஊசி காப்பாற்றாது, இரண்டு மூன்று வாரமாவது வேண்டும். அதனால் இந்தத் தடவை முடியாது, யாராவது சொந்தக்காரரை உங்கள் வீட்டிலேயே வந்து தங்கச் சொல்லுங்கள், ஏப்ரலுக்கு வேண்டுமானால் இப்போதே எழுதி வைத்துக்கொள்கிறேன் என்று பதில் போட்டேன். "சரி மேடம், ஏப்ரல் 20ல இருந்து நாலு நாள்" என்றார். காசைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நாயின் பெயர் டைசனாம். சங்கிலி, சாப்பாட்டுக் கிண்ணம், வேறென்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டார். நீங்கள் தூங்குகிற போர்வை ஒன்று, துவைக்காமல் என்று அனுப்பியிருக்கிறேன்.