எடைக்குப் போகாத பத்திரிகை

கோத்தகிரியில் நான் படித்த பள்ளியில் அலுவலக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் போன மாதம் போன் செய்தார். "தம்பி, ரெக்கார்டு ரூமைக் காலி பண்ணி எல்லாத்தையும் எடைக்குப் போட்டாங்க. நம்ம பத்திரிகைக் கட்டை மட்டும் நான் எடுத்து வச்சிருக்கேன், வந்து வாங்கிக்கிறீங்களா?" அன்றைக்கே போய் வாங்கி வந்தேன். 1976 முதல் 1983 வரை, நடுவில் விட்டுப்போனது போக 31 இதழ்கள். சணல் கட்டிய இடத்தில் கிழிந்திருக்கிறது, ஓரமெல்லாம் ஈரக்கறை. நம் ஊர் மழைக்கும் மூட்டத்துக்கும் இவ்வளவாவது தேறியதே பெரிய விஷயம்.

பள்ளிப் பத்திரிகை என்றதும் அச்சகம், வண்ண அட்டை என்று நினைக்க வேண்டாம். வெறும் சைக்ளோஸ்டைல். மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளை டைப்ரைட்டரில் செருகி, ரிப்பனை விலக்கிவிட்டு அடித்தால் எழுத்து தாளையே வெட்டும். அந்த வெட்டு வழியாக மை இறங்கிப் பிரதி வரும். தப்பாக அடித்தால் சிவப்புத் திரவத்தைத் தடவி, ஊதிக் காயவைத்து, அதன் மேலேயே மறுபடி அடிக்க வேண்டும். ஓங்கி அடித்தால் சுழிக்கு நடுவே இருக்கும் துணுக்கு கழன்று விழுந்துவிடும். எங்கள் பத்திரிகையில் 'ண' பாதி குருடாகத்தான் இருக்கும்.

1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது நினைவிருக்கிறதா? தும்பிக்கை வைத்த பழைய 'லை', 'னை' போய் இன்றைய வடிவம் வந்தது. எங்கள் டைப்ரைட்டருக்கு அரசாணை போய்ச் சேரவில்லை. அதனால் 1979 இதழ்களில் கையால் கீறிய தலைப்பில் புது 'லை', கீழே கட்டுரையில் தும்பிக்கை 'லை'. ஒரே பக்கத்தில் இரண்டு தமிழ். இதைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன் என்றால் என் மனைவி சிரிக்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் செட்டு ஆட்கள் சேர்ந்து ஒரு மலர் போடப் போகிறார்கள். கட்டு என்னிடம் வந்தது தெரிந்ததும், "நல்ல பக்கங்களா பார்த்து எடுத்துக் கொடுப்பா" என்றார்கள். நல்ல பக்கங்கள் என்றால் தலைமையாசிரியர் செய்தி, பரிசு வாங்கியவர்கள் பட்டியல், குறிஞ்சிக் கவிதைகள். 31 இதழையும் வரிவிடாமல் படித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்தப் பக்கங்களில் ஒன்றும் இல்லை. 1977 ஜனவரிச் செய்தியையும் 1981 ஜூன் செய்தியையும் மாற்றி வைத்தால் யாருக்கும் தெரியாது, இரண்டிலும் அதே ஒழுக்கம், அதே உழைப்பு. 1982-ல் குறிஞ்சி பூத்தபோது வந்த இதழில் ஒன்பது கவிதைகள். மலைச்சரிவில் ஏறிப் போய் ஒருவராவது பூவைப் பார்த்த மாதிரித் தெரியவில்லை. எல்லாம் தமிழ்ப் பாடப் புத்தகத்தில் பூத்த குறிஞ்சி.

பள்ளிக்கூடம் இருப்பது கடைசிப் பக்கத்தில்தான். அங்கே 'காணவில்லை' என்று ஒரு பகுதி. கைப்பிடி உடைந்த குடை, முழங்கையில் வேறு நிற நூலால் தைத்த ஸ்வெட்டர், மூடி மட்டும் தொலைந்த டிபன் பாக்ஸ், இடது கால் கேன்வாஸ் ஷூ. ஒற்றை ஷூவைத் தொலைத்துவிட்டு அந்தப் பையன் எப்படி வீட்டுக்குப் போனான் என்று இன்னும் யோசிக்கிறேன். குடை மாதாமாதம் காணாமல் போகிறது. ஸ்வெட்டரோ, தொலைந்தால் மூன்று இதழ்களுக்குத் தொடர்ந்து அறிவிப்பு வருகிறது. ஒரு வீட்டில் ஸ்வெட்டர் என்ன விலைக்குச் சமம் என்பதற்கு இதைவிட வேறு கணக்கு வேண்டியதில்லை.

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரைக்குச் சுற்றுலா போன கட்டுரை ஒன்று. 1970 முதல் அங்கே இருக்கும் ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதற்கு மூன்று வரி. பஸ்ஸில் யார் யார் வாந்தி எடுத்தார்கள், எலுமிச்சைச் சாதத்தை யார் கொட்டினார்கள் என்பதற்கு ஒரு முழுப் பக்கம். எழுதியவன் நேர்மையான ஆள்.

1979 டிசம்பர் இதழ் வழக்கமான எட்டுப் பக்கத்துக்குப் பதில் இரண்டே பக்கம். 1978 நவம்பரில் அடித்த மழையும் மண்சரிவும் ஆறுவதற்குள் மறு நவம்பரிலும் நீலகிரியில் அதே கதை. ரோடு அடைபட்டு மேட்டுப்பாளையத்திலிருந்து ஸ்டென்சில் வரவில்லை என்று ஓரத்தில் ஒரு வரி போட்டிருக்கிறோம். அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போனதைச் சந்தோஷமாகவே எழுதியிருக்கிறோம், பிள்ளைகள்தானே.

ஜூன் இதழில் வகுப்புவாரியாகப் பெயர்ப் பட்டியல் வரும். யாரும் படிக்காத பக்கம். ஆறாம் வகுப்புப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு வருடா வருடம் தொடர்ந்து வந்தால் பெயர்கள் உதிர்வது தெரிகிறது. முதலில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டுப் பிள்ளைகள், அதிலும் பெண்கள். இலை பறிக்கப் போனவர்கள், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள நின்றவர்கள். நம் மலையின் படகர் சமூகத்து ஊர்களான ஹட்டிகளிலிருந்து வந்த பெண்கள் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடித்தார்கள். மாணவிகள் எழுதிய கட்டுரைகளுக்குக் கீழே பெயர் கிடையாது, 'ஒரு மாணவி, 10 ஏ' அவ்வளவுதான். பையன்கள் நாங்கள் ரெண்டு வரி ஜோக்குக்குக்கூட இனிஷியலோடு பெயர் போட்டுக்கொண்டோம்.

அந்த ஜோக்குக்குத்தான் வர வேண்டும்.

இலங்கையும் இந்தியாவும் 1964-ல் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து நம் மலைக்கு வந்தவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். அவர்களுக்கு வேலை கொடுக்கவே அரசு இங்கே தேயிலைத் தோட்டம் போட்டது. தாயகம் திரும்பியோர் என்பது அரசாங்கப் பெயர், ஊரில் சிலோன்காரங்க. 1977-ல் ஏழாம் வகுப்பில் என் பெஞ்சுக்கு அப்படி ஒருவன் வந்தான், நுவரெலியா பக்கத்திலிருந்து. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு மலையேறி வந்ததை அடுத்த வருடம் பத்திரிகைக்கு எழுதினான். நல்ல கட்டுரை. லைன் வீட்டுக்கு அவர்கள் ஊரில் லயம் என்று பெயர். அவன் 'லயம்' என்று எழுதிய இடத்திலெல்லாம் 'லைன் வீடு' என்று திருத்தி டைப்புக்குக் கொடுத்தவன் நான். அப்படித்தான் சரியான தமிழ் என்று நினைப்பு. இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் என் கண்ணுக்குத் தப்பி 'லயம்' அப்படியே நிற்கிறது. இப்போது படிக்கும்போது அந்தக் கட்டுரையில் அவன் குரல் கேட்கிற ஒரே இடம் அதுதான்.

1979 செப்டம்பர் இதழ், ஏழாம் பக்கம், 'சிரிப்போம்' பகுதி. சிலோனிலிருந்து வந்த மாணவன் பேக்கரிக்குப் போய்ப் பாண் கேட்கிறான். கடைக்காரர், "பேன் வேணுமா? உன் தலையிலேயே தேடிப் பாரு" என்கிறார். பாண் என்றால் அவர்கள் ஊரில் ரொட்டி. வகுப்பே சிரித்தது. ஜோக்குக்குக் கீழே என் பெயர், இனிஷியல், 9 பி. இந்த ஜோக்கை எழுதியது எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. அவனோடு நான் நல்ல சிநேகிதமாக இருந்தேன் என்றுதான் 45 வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

1980 ஜூன் பட்டியலில், பத்தாம் வகுப்பில், அவன் பெயர் இல்லை. ஜோக்கினால் போனான் என்று சொல்ல மாட்டேன், அது என்னை நானே பெரிய ஆளாக்கிக்கொள்வது. வீட்டில் ஆயிரம் கஷ்டம் இருந்திருக்கும். ஆனால் பட்டியலையும் ஜோக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அந்த வகுப்பறை எப்படி இருந்தது என்று தெரியும். மலர்க்குழு கேட்கிற நல்ல பக்கங்களில் இரண்டுமே கிடையாது.

குழுவில் ஒருவன், "ஏம்பா, ஏழாம் பக்கம் போட்டா உனக்குத்தானே அசிங்கம், விட்டுடலாமே" என்றான். எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னான். 31 இதழையும் முழுசாக ஸ்கேன் செய்து போடுவதானால் தருகிறேன், இல்லையென்றால் கட்டு என் வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை. அதுவரை ஏழாம் பக்கத்தை இந்தப் பதிவோடு ஏற்றியிருக்கிறேன்.

அவன் குடும்பம் கூடலூர் பக்கம் மாறிப் போனதாக அப்போது சொன்னார்கள். அவனை அடையாளம் தெரிந்த யாராவது இதைப் படித்தால், பெயரைக் கீழே எழுத வேண்டாம், எனக்கு இன்பாக்ஸில் சொல்லுங்கள்.