குஞ்சு விட்ட கணக்கும் மீன் பெருகிய கணக்கும்

மாரி முடிந்து குளங்கள் நிரம்பியதும் முகநூலில் ஒரே மாதிரியான படங்கள் வரத் தொடங்கிவிடும். ஒட்சிசன் அடைத்த பொலித்தீன் பைகளைக் கரையில் நின்று சாய்க்கும் பிரமுகர்கள், கீழே இத்தனை இலட்சம் மீன்குஞ்சுகள் விடப்பட்டன என்ற செய்தி. அந்த இலக்கம் எப்போதும் விட்ட குஞ்சின் இலக்கம்தான். அந்த நீரில் தானாக முட்டையிட்டுப் பெருகிய மீன் கூடியதா குறைந்ததா என்று எவரும் எழுதுவதில்லை. இந்தக் கணக்கை நம்பியிருந்தால் எங்கே போய் நிற்போம் என்பதை, ஆற்றில் பிறந்து கடலில் வளர்ந்து முட்டையிட மீண்டும் ஆற்றில் ஏறும் சால்மன் மீனின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. நோர்வேயிலும் கனடாவிலும் உறவுகளை வைத்திருக்கும் நமக்கு அது அந்நியமான மீனும் அல்ல.

அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் 1930களில் பெரும் அணைகள் எழுந்தபோது, கிராண்ட் கூலி அணையில் மீன் மேலே ஏறுவதற்கு வழியே வைக்கப்படவில்லை. இழந்த மீனுக்கு ஈடாகக் குஞ்சு பொரிப்பகங்கள் கட்டப்பட்டன. பெண் மீனின் வயிற்றைக் கீறி முட்டையை வாளியில் எடுப்பார்கள். ஆண் மீனைப் பிழிந்து விந்தைக் கலப்பார்கள். தட்டுகளில் பொரித்த குஞ்சுகளைத் தொட்டியில் தீன் போட்டு வளர்த்து ஆற்றில் விடுவார்கள். ஆற்றில் இடப்படும் முட்டைகளில் மிகச் சிலவே கடல்வரை போய்ச்சேரும், பொரிப்பகத்திலோ பெரும்பாலானவை பிழைத்துவிடும் என்பதால், இது பெரிய வெற்றியாகவே தோன்றியது.

ஆனால் ஆறு, சுளகில் புடைப்பதுபோல, வலுவற்றதைத் தள்ளிவிட்டுத் தனக்குப் பொருந்தியதை வைத்துக்கொள்கிறது. தொட்டியில் அந்தப் புடைத்தல் இல்லை என்பதோடு, வேறொரு தெரிவு சத்தமின்றி நடந்துகொண்டிருக்கிறது. மேலே ஒரு நிழல் விழுந்தால் தொட்டி மீனுக்கு அது தீன் போட வந்த மனிதன். ஆற்று மீனுக்கோ அது கொத்த வந்த பறவை. நிழலைக் கண்டு மேலே பாயும் குஞ்சுதான் தொட்டியில் கொழுக்கும். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்து ஹூட் ஆற்றில், சால்மன் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டீல்ஹெட் மீன்களின் மரபணுவைக் கொண்டு தாய் தந்தையரைக் கண்டறிந்து 2007இல் வெளியிடப்பட்ட ஆய்வு, தொட்டியில் வளர்க்கப்படும் ஒவ்வொரு தலைமுறைக்கும் இயற்கையில் இனம்பெருக்கும் திறன் ஏறக்குறைய 40 சதவீதம் குறைவதாகக் காட்டியது. இந்த ஸ்டீல்ஹெட், வெள்ளைக்காரர் நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் தூண்டில் விளையாட்டுக்காகக் கொண்டுவந்து விட்ட வானவில் டிரவுட் மீனின் அதே இனம்தான். ஸ்டீல்ஹெட் கடலுக்குப் போய்த் திரும்புவது மட்டுமே வித்தியாசம்.

இன்னொரு சேதத்தைக் குருநகரிலோ பாசையூரிலோ வலை இழுக்கும் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. பொரிப்பக மீன் மலிந்திருப்பதால் பிடிப்பதற்கான அனுமதி தாராளமாகக் கிடைக்கிறது. வலையோ வளர்ப்பு மீன், காட்டு மீன் என்று பார்ப்பதில்லை. பல பொரிப்பகங்களில், முதுகுச் செட்டைக்கும் வாலுக்கும் இடையில் இருக்கும் சிறிய கொழுப்புச் செட்டையை வெட்டி அடையாளமிட்டு விடுகிறார்கள். தூண்டில்காரன் அந்த இடத்தைப் பார்த்து, செட்டை உள்ள மீனைத் திரும்ப விடலாம். செவுளில் இறுகும் வலையில் பட்ட மீனுக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

நோர்வேயின் கதை வேறு வழியில் அதே இடத்துக்கு வருகிறது. சால்மன் வளர்க்கும் கடல் கூடுகளிலிருந்து தப்பும் வளர்ப்பு மீன்கள் ஆறுகளில் ஏறிக் காட்டு மீனோடு கலக்கின்றன. கூடுகளில் பெருகும் கடற்பேன் என்ற ஒட்டுண்ணி, கடலுக்கு இறங்கும் இளம் காட்டு மீன்களைப் பற்றிக்கொள்கிறது. போதாக்குறைக்கு, சோவியத் காலத்தில் வெண்கடற் பக்கத்தில் விடப்பட்ட பசிபிக் இளஞ்சிவப்புச் சால்மன், 2017 முதல் ஒற்றைப்படை ஆண்டுகளில் நோர்வே ஆறுகளில் கூட்டங்கூட்டமாக ஏறி, முட்டையிட்டு, செத்து அழுகுகிறது. 2024 கோடையில் அட்லாண்டிக் சால்மன் வரத்து மிகவும் குறைந்ததால் 33 ஆறுகளில் மீன்பிடியை நடுப்பருவத்திலேயே நிறுத்த வேண்டியதாயிற்று.

பொரிப்பகமே கூடாது என்று நான் வாதிடவில்லை. 1992இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து ரெட்ஃபிஷ் ஏரிக்கு, சொக்காய் என்ற வகைச் சால்மன் ஒரேயொன்றுதான் திரும்பி வந்தது. வளர்ப்புத் தொட்டி இல்லாவிட்டால் அந்த ஏரியின் சொக்காய் வம்சம் அன்றே அற்றுப்போயிருக்கும். 1950களின் தொடக்கத்தில் நம் நாட்டுக்கு வந்த திலாப்பியாவும் குளத்து மீன்பிடியையே தாங்கி நிற்கிறது. இரணைமடுவை நம்பிச் சீவிப்பவரிடம் அதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆயினும், அழியப்போகும் ஓர் இனத்தைச் சில காலம் காப்பது வேறு, வாழிடத்தைக் கெடுத்துவிட்டு ஆண்டுதோறும் குஞ்சு கொட்டிச் சமாளிப்பது வேறு. மொன்டானா மாநிலம் 1970களில் காட்டு டிரவுட் வாழும் ஆறுகளில் பொரிப்பக மீன் விடுவதை நிறுத்தியது. மடிசன் ஆற்றில் செய்த ஆய்வு, விடாத இடங்களில் காட்டு மீன் பெருகுவதைக் காட்டியிருந்தது.

நமது கரையில் இன்று இந்தக் கேள்வி கடலட்டைப் பண்ணைகளோடு வந்து நிற்கிறது. சால்மனுக்கு நேர்ந்ததெல்லாம் அட்டைக்கும் நேரும் என்று சொல்ல முடியாது. இரண்டும் வாழும் விதமே வேறு. ஆனால் பொரிப்பகக் குஞ்சுகள் பண்ணைக்கு வரும்போது, தாய் அட்டைகள் எந்தக் கடலில் எடுக்கப்பட்டவை, எத்தனை தாய்களின் முட்டையிலிருந்து அந்தத் தொகுதி வந்தது, பண்ணை வேலிக்கு வெளியே இயற்கையாகக் கிடக்கும் அட்டைகளை யார் எப்போது எண்ணினார்கள் என்று கேட்பதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. கடற்றொழிலாளர் சங்கங்கள் இந்த மூன்றையும் குஞ்சு வாங்கும் பற்றுச்சீட்டோடு எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும், கிடைக்காத தொகுதியை ஏற்கக் கூடாது என்பதே என் கருத்து.