முக்குனா கொடி போட்டால் மண்ணிலிருந்து வாயுவே வராதா?

மலேசியாவின் தெலுக் இந்தான் பக்கம் புலனத்தில் (வாட்ஸ்அப்) சுற்றும் செய்தி: "செம்பனை (எண்ணெய்ப்பனை) மறுநடவில் முக்குனா கொடி போட்டால் மண்ணிலிருந்து பசுமைக்குடில் வாயுவே வராது, யூரியாவைக் குறைக்கவும் வேண்டாம்." இது தவறு.

முக்குனா, நிலத்தை மூடிப் படரும் அவரையினக் கொடி. அது காற்றிலுள்ள நைட்ரஜனை வேர்முடிச்சில் சேர்க்கும். உதிர்ந்த இலை மட்கும்போது அந்த நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறும். மழையில் மண் ஊறிக் காற்று புகாதபோது, நுண்ணுயிரிகள் நைட்ரேட்டை நைட்ரஸ் ஆக்சைடாக்கும். 100 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட சுமார் 273 மடங்கு வெப்பமூட்டும். கொடி தரும் நைட்ரஜனைக் கழிக்காமல் யூரியா போட்டால் வாயு கூடும்.

அதற்காகக் கொடியை அழித்துவிடாதீர்கள். சரிவு நிலத்தில் மண் அரிப்பைத் தடுப்பது அதுதான். கன்றின் அடியை மட்டும் வட்டமாகச் சுத்தம் செய்யுங்கள். கொடியை உழுது புதைக்காதீர்கள்; புதைத்தால் மட்குவது வேகமாகும்.

கரிமண் (மட்கிய தாவரங்கள் சேர்ந்த சதுப்பு மண்) நிலத்திலிருந்து வரும் வாயுவை எந்தக் கொடியும் ஈடுசெய்யாது. அங்கே வடிகால் நீர்மட்டத்தை 40–60 செ.மீ. ஆழத்துக்குக் கீழே இறங்க விடக்கூடாது.