தம்பிட பழைய ரத்த ரிப்போட்

மூளையில ரத்தக்குழாய் பின்னிக் கிடக்கிற ஏவிஎம் வெடிச்ச ஆக்களுக்கு, ரத்தத்தில நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட் எண்ட ரெண்டு வகை வெள்ளை அணுக்களிட விகிதத்தை வச்சு நிலைமையைக் கணிக்கலாமெண்டு உங்கட பதிவில எழுதியிருக்கிறீங்க, வாசிச்ச உடனே தம்பிட ஃபைலைத் தேடி எடுத்தன். கல்லடிக் கடற்கரையில வலை இழுத்துக்கொண்டு நிண்டவன் தலை வெடிக்கிற மாதிரிக் குத்துதெண்டு மணல்ல இருந்து சத்தி எடுத்தான், வலக்கை விறைச்சுப் போச்சு. முதல் நாள் ரிப்போட்ல நியூட்ரோஃபில் நூற்றுக்கு 86, லிம்ஃபோசைட் 9, வகுத்தா விகிதம் ஒன்பதரை வருது, அப்ப நாங்க கிருமித் தொற்றெண்டுதான் நினைச்சம்.

ஆனா ஒண்டு, மூளையில ரத்தம் கசிஞ்சா உடம்பு பதறி நியூட்ரோஃபில் ஏறும், லிம்ஃபோசைட் இறங்கும், அது சரி, சளிக்காய்ச்சலுக்கும் ஸ்டீரொய்ட் மருந்துக்கும் கூட அப்பிடித்தான் ஏறும். அதால நம்பரை மட்டும் பார்த்து வாட்டுக்கு வெளியில நிண்டு அழாதீங்க, தயவு செய்து டொக்டரிட்டக் கேளுங்க. மற்றது, ஏவிஎம் இருக்கா இல்லையா எண்டு ரத்தப் பரிசோதனை சொல்லாது, நாடியும் நாளமும் இடையில மயிர்த்துளைக் குழாய் இல்லாம நேராப் பொருந்திக் கிடக்கிறதை சீடி, எம்ஆர்ஐ, அன்ஜியோகிராம்லதான் காணலாம். எங்கட ஊர்ல இன்னும் தலையிடிக்குப் பத்துப் போட்டுப் படுக்க வைக்கிற ஆக்கள் இருக்கிறாங்க, திடீரெண்டு வாற கடும் தலையிடியோட சத்தியும் வந்தா ஒரு நிமிசமும் பார்க்காம ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போங்க.

தம்பி இப்ப நடக்கிறான். சேட் பொத்தான் பூட்ட மட்டும் இன்னும் அம்மா வேணும்.